பழைய அச்சில் பெரிய ரயர்

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. நான் இன்னும் பள்ளிக்கூடம் போகிறேன்; நாளைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை பக்கத்துக் கதிரையின் முதுகில் தொங்குகிறது. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதினாலும், இந்தத் தாள் பிடிபட்டால் அந்த ஆளையும் தேடிப் போவார்கள். சிநேகிதிக்கு எழுத முடியாது, ரீச்சருக்கு எழுத முடியாது, கொழும்பில் இருக்கும் பெரியம்மாவுக்கும் எழுத முடியாது. உன்னை மட்டும் யாராலும் பிடிக்க முடியாது. உனக்குப் பெயர் இல்லை, அடையாள அட்டை இல்லை, விலாசம் இல்லை. எனக்குத் தெரிந்த ஆட்களில் நீ ஒருவன்தான் முழுப் பாதுகாப்பாக இருக்கிறாய்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் அண்ணா எங்கள் ஜீப்பைப் பட்டினத்துக்கு ஓட்டப் போகிறான். பக்கத்தில் நான் பள்ளிக்கூடச் சட்டையோடு இருக்க வேண்டும். வழியில் சோதனைச் சாவடி இருக்கிறது. ரோட்டின் குறுக்கே வெள்ளை அடித்த பீப்பாய்களை வைத்திருக்கிறார்கள். பீப்பாய்க்கு இந்தப் பக்கம் வண்டி நிற்க வேண்டும். நிற்காத வண்டியைச் சுடுவார்கள். உள்ளே யார் என்று பிறகுதான் பார்ப்பார்கள். எங்கள் ஜீப் நிற்குமா என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. பிள்ளைகள் வளர்ந்து, கலியாணம் கட்டி, தூரதேசம் போகும்போதுதான் தாய்மார் உட்கார்ந்து புத்தி சொல்லி எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு காலம் கிடைக்குமா என்று தெரியாததால் முந்திக்கொண்டு எழுதுகிறேன். நீ மீசை வைத்த ஆளாய், என்னைவிட உயரமாய், ஏதோ ஒரு வாகனத்துக்குச் சொந்தக்காரனாய் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்து எழுதுகிறேன். குப்பி விளக்கைப் பானைக்குள் வைத்திருக்கிறேன். வெளிச்சம் வெளியே தெரிந்தால் இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கமும் வரலாம். அந்த இரண்டு பக்கத்தின் பெயரையும் எழுத எனக்குத் தைரியம் இல்லை. சாவடியில் நிற்பவர்களைச் சாவடிக்காரர் என்று எழுதுகிறேன். காட்டுப்பக்கமிருந்து வருகிறவர்களை, எல்லாம் இளம் பையன்கள் என்பதால், வீட்டில் சொல்வதுபோலப் பொடியள் என்று எழுதுகிறேன். நீ வாசிக்கும் காலத்தில் பெயரைச் சத்தமாகச் சொல்லலாமோ என்னவோ.

எங்கள் வீடு குச்சவெளி தாண்டிக் கடலோரம். அப்பாவின் தொழில் மீன் ஏற்றுவது. உனக்கு அவர் அம்மப்பா, ஆனால் எனக்கு அப்பா என்றே எழுத வருகிறது. கரையில் வாங்கிய மீனை ஐஸ் பெட்டிகளில் போட்டுப் பட்டினத்துச் சந்தைக்குக் கொண்டுபோவார். பஸ் ஓடாத காலத்திலிருந்து என்னையும் மீனோடு ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்குவார். பின்னேரம் திரும்பக் கூட்டிவருவார். வகுப்பில் பிள்ளைகள் எனக்குப் பக்கத்தில் இருக்க மூக்கைப் பொத்துவார்கள். ஜீப் பழையது, ஆனால் அப்பா அதைக் குழந்தைபோலப் பார்த்தார். மணல் பாதையில் புதைந்தால், எல்லோரும் இறங்கித் தென்னோலை போட்டு, தள்ளி, வெளியே எடுப்போம். அது எங்களுக்குப் பழகிய வேலை.

ஒருநாள் பொடியள் வந்தார்கள். அவர்களின் தலைவன் கண்ணாடி போட்டவன், மெதுவாகக் கதைப்பவன். நான் படிக்கிற மேசையில் என் கணக்குக் கொப்பிக்கு மேலே துவக்கை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தான். காட்டுக்குள் அவர்களுடைய உழவு இயந்திரங்கள் பின்னால் இழுக்கும் பெட்டிகளின் சில்லுக்குப் போட ரயர் இல்லை. சாவடியால் ரயர் கொண்டுவரத் தடை. வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால் பறிப்பார்கள், ஆளையும் பிடிப்பார்கள். ஆனால் ஓடுகிற வண்டியில் பூட்டியிருக்கும் ரயரை எந்தச் சாவடியும் கழற்றச் சொல்வதில்லை.

"அண்ணை, உங்கட ஜீப் றிம்மில பெட்டி ரயர் ஏறும்தானே?" என்று கேட்டான்.

"ஏறும் தம்பி. ஆனா அது உயரமும் பாரமும் கூட. இந்த அச்சு அதுக்குச் செய்ததில்லை."

"எங்களுக்கு வேண்டியது ரயர். அச்சு உங்கட பிரச்சினை."

அப்படித்தான் தொடங்கியது. காலையில் சின்ன ரயரோடு பட்டினம் போவோம். அங்கே வண்டி திருத்தும் ஒரு கராச்சில் பின்சில்லு இரண்டுக்கும் பெரிய ரயர் பூட்டுவார்கள். பின்னேரம் நானும் அப்பாவும் அதிலேயே வீட்டுக்கு வருவோம். பொடியள் வந்து கழற்றிக்கொண்டு, எங்கிருந்தோ தேடி எடுத்த வழுவழுத்த சின்ன ரயரைப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் ஏன் போனேன் என்று நீ கேட்பாய். பள்ளிக்கூடப் பிள்ளை முன்னால் இருந்தால் சாவடிக்காரர் ஜீப்பை அதிகம் கிண்ட மாட்டார்கள். கண்ணாடிக்காரன் அப்பாவுக்குச் சொன்னான்: "தங்கச்சியைக் கட்டாயம் ஏத்துங்கோ. பாவம், படிக்கோணும்தானே."

பெரிய ரயர் மட்கார்ட்டில் உரசியது. அப்பா தகரத்தை வெட்டி வளைத்தார். ஜீப் பின்பக்கம் எழும்பி, மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தான், இது ஜீப் இல்லை, சூடு கண்ட மாடு. இனி ஏணி வச்சுத்தான் ஏறோணும்" என்றார். அம்மா உட்பட எல்லோரும் சிரித்தோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ரயர் பிடித்திருந்தது. மணல் பாதையில் நாங்கள் இறங்கவே தேவையில்லை. ஜீப் மணலை மிதித்துக்கொண்டு போனது. உயரத்திலிருந்து பார்க்கும்போது கடல்கூடச் சின்னதாகத் தெரிந்தது. அப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் காதைச் சரித்துக் கீழே கேட்டுக்கொண்டு ஓட்டுவார்.

"சின்ன ரயர் எண்டா மணலுக்க சுத்தும், பிள்ளை. அது சுத்தினா ஒண்டும் முறியாது. இது பிடிச்சா விடுதில்லை. ரயர் விடாட்டி வேற எதோ ஒண்டு விடோணும்" என்றார். எனக்கு அது அன்றைக்கு விளங்கவில்லை.

விளங்கிய நாளை எழுதுகிறேன். இந்த இடத்தை வேகமாக எழுதுவேன், நீயும் வேகமாக வாசி. மழை பெய்து பாதை குழைந்திருந்தது. பட்டினத்திலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு வந்தோம். வீட்டுக்குக் கிட்ட, பாதை திரும்பும் இடத்தில், பின்சில்லு ஒன்று பனைவேரில் இறுகிவிட்டது. மாமா வீட்டிலிருந்து ஓடிவந்தார். என்னைப் புத்தகப் பையோடு ஓரமாய் நிற்கச் சொல்லிவிட்டு, சில்லுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். "இன்னும் குடுங்கோ அத்தான்! ஏறுது, ஏறுது!" என்று கத்தினார். அப்பா கொடுத்தார். ரயர் வேரை விடவில்லை. கீழே துவக்குச் சத்தம்போல ஒன்று கேட்டது. நான் குந்திவிட்டேன், யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்து. நிமிர்ந்தபோது அச்சின் முறிந்த துண்டோடு சில்லு தனியே கழன்று பற்றைக்குள் உருண்டு போனது, ஜீப் அந்தப் பக்கமாய்ச் சரிந்து இருந்துவிட்டது. மாமா அதற்குக் கீழே. அவருடைய ஒரு கை வெளியே இருந்தது. கை என் பக்கம் நீண்டு, விரல்கள் மணலைப் பிடித்து விட்டன, பிடித்து விட்டன, பிறகு பிடித்தபடி நின்றுவிட்டன. ஐஸ் பெட்டி கவிழ்ந்து அவர்மேல் ஐஸ் கொட்டியது. அது சிவப்பாகிக் கரைந்தது. அப்பா வெறும் கையால் ஜீப்பைத் தூக்கப் பார்த்தார். தோல் உரிந்து வெள்ளையாகத் தெரியும்வரை தூக்கினார்.

அடுத்த நாள், மாமாவின் உடல் முற்றத்தில் இருக்கும்போது பொடியள் வந்தார்கள். கண்ணாடிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். பிறகு அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "கழண்ட சில்லின்ர ரயர் எங்க?" என்று கேட்டான். அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அம்மா எழும்பி, பிணத்துக்குத் தண்ணீர் வைத்திருந்த செம்பை எடுத்து அவன் முகத்தில் எறிந்தார். கண்ணாடி உடைந்தது. அவனோடு வந்தவன் ஒருவன் துவக்கின் பின்பக்கத்தால் அம்மாவின் வாயில் அடித்தான். அழ வந்த பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டார்கள். உடைந்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவன், "துக்கத்தில செய்ததெண்டு விடுறன்" என்றான். ரயரைப் பற்றைக்குள் தேடி எடுத்துக்கொண்டுதான் போனார்கள். அதற்குப் பிறகு அம்மா சோற்றைக் கடைவாயால்தான் மெல்லுகிறார்.

மகனே, எங்கள் வீடு இதுவரைக்கும் எப்படித் தப்பியது தெரியுமா? நாங்கள் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் வந்து கேட்டால் "ஓம் தம்பி" என்போம். அந்தப் பக்கம் வந்து கேட்டால் அவர்கள் பாஷையில் ஐயா என்று "ஓம் மாத்தயா" என்போம். இரண்டிலும் வழுக்கி வழுக்கி உயிரோடு இருந்தோம். மாமா அதை வெட்கம் என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், பள்ளிக்கூடத்தில் வீரக் கவிதை பாடமாக்குகிற பிள்ளை அல்லவா. இப்போது அப்படி நினைக்கவில்லை. உன்னிடம் இருக்கும் அச்சு எவ்வளவு தாங்கும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேலே பிடிக்கிற ஒன்றை யாராவது உன்னில் கொண்டுவந்து பூட்டினால், அது உன்னை உயர்த்திக் காட்டும். கடல்கூடச் சின்னதாகத் தெரியும். நம்பாதே. முறிகிறபோது பக்கத்தில் நின்று தள்ளிய ஆள்தான் கீழே கிடப்பான்.

உடைந்த ஜீப் ஒன்றின் அச்சைப் பொடியளே வெட்டி, நீளம் பார்த்து ஒட்டி, எங்கள் ஜீப்புக்குப் போட்டார்கள். புதிது எடுக்க வழியில்லை. ஒட்டிய இடம் முழங்கால்போல வீங்கி இருந்தது. பெரிய ரயரும் திரும்ப ஏறியது. இந்தமுறை இன்னொரு தொல்லையும் தெரியவந்தது. பெரிய ரயரோடு பிறேக் குறைவு. அதே பிறேக், அதே மிதி, ஆனால் சில்லு பெரிதென்றால் அதை நிறுத்த அது போதாது. மிதித்த பிறகும் ஜீப் கொஞ்சத் தூரம் நழுவிப் போய்த்தான் நின்றது. வீட்டு முற்றத்தில் அது சிரிப்பு. அப்பா வாசல் படலையில் நிறுத்தப் பார்த்துக் கோழிக்கூட்டில் நிறுத்தினார்.

சாவடியில் அது சிரிப்பு இல்லை. போன கிழமை, பின்னேரம், நாங்கள் திரும்பி வருகிறோம். அப்பா மிதித்தார். ஜீப் நின்றது, ஆனால் முன்சில்லு பீப்பாயைத் தாண்டிவிட்டது. எல்லாத் துவக்கும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின. நான் இரண்டு கையையும் தூக்கினேன். தூக்கின கையில் கணக்குக் கொப்பி இருந்தது. இறங்கச் சொன்னார்கள். ஒருவன் ஜீப்பைச் சுற்றிவந்து, பின்சில்லுக்குப் பக்கத்தில் தன் துவக்கை நட்டுப் பார்த்தான். காலையில் ரயரின் உச்சி துவக்கின் விசைக்கு நேரே இருந்ததை அவன் பார்த்து வைத்திருக்கிறான். இப்போது நாலு விரல் மேலே.

"ஏய். காலையில சின்ன. இப்ப பெரிசி. எப்பிடி?"

அப்பா பயத்தில், "வெயில் மாத்தயா. வெயிலுக்கு ரயர் வீங்கும்" என்றார்.

அவன் மற்றவர்களுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தப்பிவிட்டோம் என்று நானும் நினைத்தேன். அவன் சிரித்து முடித்துவிட்டு, "அப்ப ஒன்னயும் வெயில்ல போட்டா வீங்குமா? பாப்போம்" என்றான்.

அப்பாவின் சட்டையைக் கழற்றித் தாரில் படுக்க வைத்தார்கள். முதலில் வெறுமனே படுக்க வைத்தார்கள். தார் உருகிக்கொண்டிருந்தது. அசைந்தபோது அடித்தார்கள். ஜாக்கிக் கம்பியை ஜீப்பிலிருந்தே எடுத்தார்கள். "வீங்கிட்டுதா? இன்னும் இல்ல" என்று ஒருவன் சொல்ல மற்றவன் அடித்தான். முகம், கை, திரும்ப முகம். வலது கை முறிந்தபோது நான் அந்தச் சத்தத்தை முன்பே கேட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். என்னை ஒருவரும் தொடவில்லை. என்னைப் பீப்பாயில் இருத்தி, பார்க்கச் சொன்னார்கள். கண்ணை மூடினால், அம்மணியைக் கூப்பிடுவதுபோல, "நோனா, பாரு" என்றார்கள். ஒருவன் எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தான். நான் குடித்தேன். எனக்குத் தாகமாக இருந்தது, மகனே, அப்பா அடிபடும்போது நான் குடித்தேன். ரயருக்குள் ஒன்றும் ஒளித்திருக்கவில்லை என்று கண்டபின், பொழுது சாய எங்களை விட்டார்கள். "இனி வேற சைஸ் கண்டா சுடுறது" என்றான் துவக்கை நட்டவன். அந்த வழியால் வந்த எங்கள் கரை மீனவர் ஒருவர் ஜீப்பை ஓட்டி எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

பொடியள் நேற்று வந்தார்கள். கண்ணாடிக்காரன் அப்பாவின் பக்கத்தில் பாயில் இருந்து, காயத்தைப் பார்த்து, உச்சுக் கொட்டினான். பிறகு தான் யோசித்து வைத்ததைச் சொன்னான். அளவு மாறுவதால்தான் பிடிபடுகிறோம், அதனால் இனி மாற வேண்டாம். நாலு சில்லுக்கும் பெரிய ரயர். போகும்போதும் பெரியது, வரும்போதும் பெரியது. போகும்போது தேய்ந்தது, வரும்போது புதியது. சாவடிக்காரன் துவக்கை நட்டுப் பார்த்தாலும் ஒரே அளவு. சின்ன ரயர்களை அவர்களே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பா வீங்கிய வாயால், "தம்பி, அச்சு ஒட்டினது. பிறேக்கும் நாலுக்கும் காணாது, போதாது. தாங்காது" என்றார்.

"தாங்க வையுங்கோ" என்றான் அவன்.

"எனக்குக் கை ஏலாது. ஆர் ஓட்டுறது?"

அவன் அண்ணாவைப் பார்த்தான். அண்ணாவுக்குப் பதினெட்டு. கரை மணலில் மட்டும் ஓட்டியிருக்கிறான். "தம்பி ஓட்டட்டும். இல்லாட்டி எங்களோட வரட்டும், நாங்கள் பழக்குறம். ரெண்டில ஒண்டு" என்றான். அம்மா வாயில் சேலையை அடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

இன்று முழுக்க அப்பா அண்ணாவுக்குப் பாடம் எடுத்தார். முற்றத்தில் பாய் போட்டு, சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். ஒரு கண் மூடியிருக்கிறது, மற்றதால் பார்த்தார். அண்ணா ஓட்டிக் காட்ட, தூரத்தில் ஒரு வாளியைப் பீப்பாயாக வைத்தோம். முதல்முறை வாளி நசுங்கியது. இரண்டாவது முறையும் ஜீப் அதற்குமேலே போனது.

"கிட்டப் போய் மிதியாத!" என்றார் அப்பா. "வாளியைக் கண்ட உடன மிதி. ஒரேயடியா அமத்தாத, விட்டு விட்டு மிதி. கியரைக் குறை. ஸ்ரியறிங் பாரமாத்தான் இருக்கும், அதோட மல்லுக்கட்டாத."

"அப்பா, கண்ட உடன மிதிச்சா அங்காலயே நிண்டிடும். ஏன் தூரத்தில நிக்கிறாய் எண்டு அதுக்கும் சுடுவினம்."

"தூரத்தில நிண்டாக் கையைத் தூக்கலாம். தாண்டிப் போனா ஆர் கையைப் பாக்கிறது?"

அண்ணா பிறகு சரியாக நிறுத்தினான். சிலமுறை. சிலமுறை இல்லை. ஒருமுறை வாளிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட்டு, தலையை வெளியே நீட்டி, "அப்பா, லைசென்ஸ் தாங்கோ" என்றான். அப்பா சிரிக்கப் போய் விலா நொந்து முனகினார். அடுத்தமுறை நசுங்கிய வாளி பின்சில்லுக்குள் போய்ச் சிக்கியது. அண்ணா இறங்கி அதை இழுத்து எடுத்தான். எண்ணெயும் முடிந்துகொண்டு வந்ததால் நிறுத்திவிட்டோம்.

நான் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். அண்ணாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. சாவடிக்கு முன்னால் ரோட்டு வளைகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பீப்பாய் தெரியாது. அங்கே ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்குவேன். கையைத் தூக்கிக்கொண்டு, நடு ரோட்டால், சாவடியை நோக்கி நடப்பேன். ஜீப் முதல் கியரில் எனக்குப் பின்னால், தூரம் விட்டு வரட்டும். பீப்பாய்வரை போய், "மாத்தயா, எங்கட ஜீப்புக்குப் பிறேக் காணாது, சுடவேண்டாம்" என்று சொல்வேன். அந்த வசனத்தைச் சிங்களத்தில் சொல்லப் பழகுகிறேன். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். நடந்து வருகிற பிள்ளையையும் சுடலாம். இந்த நாளில் அதுவும் நடக்கிறது. பின்னால் வருகிற ஜீப் நிற்காமல் என்மேலேயே ஏறலாம். எந்தப் பக்கத்தால் சாவு வருமென்று தெரியாமல் நடுவில் நடக்கப்போகிறேன். ஆனால் ஜீப்புக்குள் இருந்துகொண்டு, நிற்குமா நிற்குமா என்று பார்த்துக்கொண்டு போக எனக்கு இனி ஏலாது. பீப்பாயில் இருந்து பார்த்தது போதும்.

நீ வளர்ந்த பிறகு உன்னிடம் கேட்க நினைத்திருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது உன் வண்டிக்குள் ஒரு பிள்ளையை ஏற்றி, அது இருந்தால் உன்னைச் சோதிக்க மாட்டார்கள் என்று சொன்னால், சொன்னவனை இறக்கிவிடு. அடிபடுகிறவனுக்கு முன்னால் யாராவது உனக்குத் தண்ணீர் தந்தால் குடி, பிறகு உன்னை வெறுக்காதே. உடம்புக்குத் தாகம் வரும். உன் அப்பா யாரோ எனக்குத் தெரியாது. அவர் என்னைக் கட்டும்போது இதையெல்லாம் அவரிடம் சொல்வேனா என்றும் தெரியாது. யாராவது கேட்டால் சொல்லு: அம்மா கோழை, நடுங்கிக்கொண்டே நடந்தவள் என்று. அதுதான் சரி. வேறு மாதிரி யாராவது சொன்னால் நம்பாதே.

வெளியே ஒரு சத்தம் கேட்கிறது. முதலில் காலடி என்று நினைத்து விளக்கை அணைத்தேன். இப்போது திரும்பக் கொளுத்தி இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். காலடி இல்லை. எஞ்சின் போடாத ஜீப்புக்குள் இருட்டில் அண்ணா இருக்கிறான். பிறேக்கை மிதிக்கிறான். விடுகிறான், மிதிக்கிறான். எனக்குத் தெரியாது என்று நினைத்து, வளைவில் தொடங்கிப் பீப்பாய்வரை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறான்போல. சிலவேளை நீண்ட நேரம் அமத்திக்கொண்டே இருக்கிறான். அப்போது அவன் மனத்தில் ஓடும் ஜீப் நிற்கவில்லை என்று எனக்கு விளங்குகிறது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறான்.

நான் போய் அவன் பக்கத்தில் இருக்கப்போகிறேன். வளைவில் என்னை இறக்கிவிடச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா